மூளைக்கட்டியின் முன்னறிகுறிகள்



ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு மூளையில் கட்டி இருக்கிறது என்று சொல்லப்பட்ட நாள் முதலாக, அக்குடும்பத்தார் வைத்தியரிடம் வாய்விட்டுக் கேட்டாலும், கேட்க அஞ்சி மனத்துக்குள்ளேயே வைத்து மருகினாலும், அவர்கள் அறிய விரும்புகிறவை இரண்டே விஷயங்கள். பிழைப்பாரா, பிழைத்தால் எத்தனை காலம் என்பது ஒன்று. எந்தச் சிகிச்சை இந்த நோய்க்குக் கேட்கும் என்பது மற்றொன்று. இவ்விரு கேள்விகளுக்கும் வைத்திய சாஸ்திரம் நெடுங்காலம் மைக்ராஸ்கோப் ஒன்றையே நம்பி, கட்டியின் உருவத்தைக் கண்டு, அதன் தன்மையை அநுமானித்து விடை கூறி வந்தது. கட்டியின் ஜீவாணுக்களுக்குள்ளே, மரபணுக்களிலும் அவற்றின் மேல் படிந்துள்ள ரசாயன அடையாளங்களிலும் இவ்விடைகளின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது என்பது கடந்த முப்பது ஆண்டுகளுக்குள் தெளிவாகியிருக்கிறது. இவற்றையே மூலக்கூற்றுக் குறிகள் என்கிறோம். இவை எவ்வாறு கண்டறியப்பட்டன, எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லமாட்டா என்பதை இன்று உங்கள் முன் விரித்துரைக்க விரும்புகிறேன். நான் வற்புறுத்திச் சொல்ல வந்த கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன்: இக்குறிகள் நோயின் ஜாதியை நிர்ணயம் செய்யும், மருந்தைத் தேர்ந்தெடுக்கத் துணை செய்யும், ஒரு தனி மனிதரின் கடைசி நாளைக் குறித்துக் கொடுக்கும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை. இந்த வேற்றுமையை வைத்தியரும் மறக்கலாகாது, நோயாளியின் வீட்டாரும் மறக்கலாகாது.

மைக்ராஸ்கோப்பின் காலத்தை நாம் இழிவாக நினைத்துவிடக் கூடாது. பாஸ்டன் நகரத்துப் பீட்டர் பென்ட் பிரிகாம் ஆஸ்பத்திரியில் மூளை ரணசிகிச்சையைத் தனியொரு துறையாக வளர்த்த ஹார்வி குஷிங் என்பவர், தாம் அறுத்தெடுத்த கட்டிகளை எறிந்துவிடாமல் சேமித்ததோடு, அந்த நோயாளிகள் வீடு திரும்பிய பின்னர் எவ்வாறு இருக்கிறார்கள், எத்தனை ஆண்டு வாழ்ந்தார்கள் என்பதையும் விடாமல் விசாரித்துக் குறித்து வைத்தார். அவரிடம் பணிபுரிந்த பெர்சிவல் பெய்லி அக்கட்டிகளின் ஜீவாணுக்களை, கருவில் வளரும் மூளையின் ஜீவாணுக்களோடு ஒப்பிட்டு வகை பிரித்தார். இருவரும் சேர்ந்து 1926-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே, கட்டிகளின் பாகுபாட்டோடு நோயின் போக்கை முன்னறிதலும் சேர்ந்து நின்றது. பெயரிடுவதற்கும் விளைவை முன்கூட்டி அறிவதற்கும் பிரிக்க முடியாத சம்பந்தம் உண்டு என்பதை அவர்கள் அன்றே உணர்ந்திருந்தார்கள். பின்னர் 1949-இல் மேயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் கெர்னோஹன் நான்கு தரங்களை வகுத்தார். 1979-இல் உலக சுகாதார ஸ்தாபனம் தன் முதல் பாகுபாட்டை வெளியிட்டது. இன்றும் ரிப்போர்ட்டுகளில் ‘கிரேடு’ என்று எழுதப்படுவது இந்தப் பரம்பரையில் வந்ததே.

ஆயினும் ஒரு குறை தீரவில்லை. ஒரே ஸ்லைடை இரண்டு நிபுணர்கள் பார்த்து இருவேறு பெயர் சொல்வதுண்டு. அதைவிடக் கடுமையான சங்கடம், இருவரும் ஒரே பெயரைச் சொன்ன பிறகும், அந்தப் பெயரைப் பெற்ற இரு நோயாளிகளில் ஒருவர் இரண்டு ஆண்டுகளில் மறைந்துவிட, மற்றொருவர் பதினைந்து ஆண்டுகள் வேலைக்குப் போய்க்கொண்டும் பிள்ளைகளைப் படிக்கவைத்துக்கொண்டும் வாழ்வதாகும். உருவத்தால் ஒன்றாகத் தோன்றிய இவை உண்மையில் வெவ்வேறு நோய்கள் அல்லவா என்ற சந்தேகம் பலருக்கு உண்டாயிற்று. சந்தேகத்தைச் சோதனைக்குக் கொண்டுவரும் வழி ஒரு சாதாரணமான, ஆனால் கூர்மையான, படுக்கையருகு அவதானிப்பிலிருந்து பிறந்தது.

லண்டன் என்றவுடன் இங்கிலாந்தின் தலைநகரை நினைக்க வேண்டாம்; கனடா தேசத்தின் ஒன்டாரியோ மாகாணத்திலும் லண்டன் என்றொரு நகரம் உண்டு. அங்கே கிரெகரி கேர்ன்கிராஸ், டேவிட் மக்டொனால்ட் என்னும் இரு வைத்தியர்கள், ஆலிகோடெண்ட்ரோகிளையோமா என்னும் ஒரு வகைக் கட்டி மீண்டும் வளர்ந்துவிட்ட சில நோயாளிகளுக்கு மருந்துச் சிகிச்சை கொடுத்தபோது, மூளைக்கட்டிகள் மருந்துக்கு மசியா என்ற அக்காலத்துப் பொது அபிப்பிராயத்துக்கு மாறாக, அவை கண்கூடாகச் சுருங்கியதைக் கண்டு 1988-இல் எழுதினார்கள். இந்தக் கட்டியின் ஜீவாணுக்கள், தெளிந்த வெள்ளை வளையத்தின் நடுவே உருண்டையான கரு அமைந்து, தோசைக்கல்லில் உடைத்து ஊற்றிய முட்டைகளை வரிசையாகப் பார்ப்பதுபோல் இருக்கும். எனினும் முட்டை போல் தோன்றிய கட்டிகள் எல்லாமே மருந்துக்கு இணங்கவில்லை. எது இணங்கும், எது இணங்காது? பாஸ்டனைச் சேர்ந்த டேவிட் லூயிஸ் முதலிய ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து, முப்பத்தொன்பது நோயாளிகளின் கட்டிகளை ஆராய்ந்து, கேர்ன்கிராஸ் 1998-இல் வெளியிட்ட விடை இதுதான்: ஒன்றாம் குரோமோசோமின் குட்டைக் கரமும், பத்தொன்பதாம் குரோமோசோமின் நெட்டைக் கரமும் சேர்ந்து எந்தக் கட்டியில் தொலைந்துபோயிருக்கின்றனவோ அந்தக் கட்டியே மருந்துக்கு இணங்குவது. இவ்விரு குரோமோசோம்களும் நடுவில் முறிந்து, தம்முள் கரங்களை மாற்றி ஒட்டிக்கொண்டு, அப்படி ஒட்டியதில் ஒரு துண்டம் ஜீவாணு பிரியும்போது தொலைந்துவிடுவதால் இந்த இழப்பு நேருகிறது என்பது பின்னர் விளங்கிற்று.

இதற்கிடையில், இந்தக் குறி கண்டறியப்படுவதற்கு முன்பே, 1994-ஆம் ஆண்டில் வட அமெரிக்காவில் ஒரு பெரிய பரிசோதனை ஆரம்பமாகியிருந்தது. தீவிரமான ஆலிகோடெண்ட்ரோகிளையோமாவும் அதனோடு கலப்பான கட்டிகளும் உடைய 291 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினருக்கு ஜனங்கள் ‘கரண்ட் வைப்பது’ என்று சொல்லும் கதிர்வீச்சுச் சிகிச்சையை மட்டும் கொடுத்தார்கள். மறு பாதியினருக்கு அதற்கு முன்னதாக மூன்று மருந்துகளையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அம்மூன்று மருந்துகளாவன புரோகார்பசின், லோமஸ்டின், வின்கிரிஸ்டின். இவற்றுள் வின்கிரிஸ்டின், நம் வீட்டு முற்றங்களில் தண்ணீர் ஊற்றாமலே பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து கிடைத்தது என்பதை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை.

2006-ஆம் ஆண்டில் அப்பரிசோதனையின் முடிவு வெளிவந்தது. அந்த முடிவைப் படித்தவர்கள் ஏமாற்றம் அடைந்தார்கள். மருந்து சேர்த்துக் கொடுத்தவர்களும் கொடுக்காதவர்களும் ஏறத்தாழ ஒரே காலமே வாழ்ந்ததாகத் தோன்றிற்று. குரோமோசோம் இழப்பு உடையவர்கள் எந்தச் சிகிச்சை பெற்றாலும் மற்றவர்களைவிட நீண்ட காலம் வாழ்ந்தார்கள் என்பது மட்டும் தெளிவாக இருந்தது. அதாவது அந்தக் குறி நோயின் இயற்கைப் போக்கைச் சொல்லிற்றே தவிர, மருந்தின் பயனைச் சொல்லவில்லை. மருந்தோ உபத்திரவம் மிக்கது. வாந்தி, ரத்த அணுக்கள் குறைதல், நரம்புகளில் மரமரப்பு ஆகிய துன்பங்களைத் தாங்கியும் ஆயுள் நீளவில்லையென்றால் அதைக் கொடுப்பானேன் என்று பலரும் எண்ணியது நியாயமே. அத்துடன் கோப்பை மூடிவிட்டிருந்தால் இன்றைய சிகிச்சை வேறாகவே இருந்திருக்கும். ஆராய்ச்சியாளர்கள் மூடவில்லை. உயிரோடு இருந்தவர்களைப் பின்தொடர்ந்துகொண்டே இருந்தார்கள். 2013-இல் நீண்டகால முடிவு வெளியானபோது காட்சி முற்றிலும் மாறியிருந்தது: இரு கரங்களும் இழந்த கட்டியை உடையவர்களில், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களின் நடுமட்ட ஆயுட்காலம் 7.3 ஆண்டுகளாக இருக்க, மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு அது 14.7 ஆண்டுகளாக, ஏறத்தாழ இரட்டித்து நின்றது. இழப்பு இல்லாதவர்களுக்கோ மருந்து சேர்த்தால் 2.6 ஆண்டு, சேர்க்காவிட்டால் 2.7 ஆண்டு, எந்த வித்தியாசமும் இல்லை. ராட்டர்டாம் நகரத்து மார்ட்டின் வான் டென் பென்ட் என்பவரின் தலைமையில் ஐரோப்பாவில் 368 நோயாளிகளை வைத்து நடந்த மற்றொரு பரிசோதனையும், அங்கே கதிர்வீச்சுக்குப் பின்னர் மருந்து கொடுக்கப்பட்டபோதிலும், இதே திசையையே காட்டிற்று.

இந்த வரலாற்றை நான் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணங்கள் உண்டு. நீண்ட ஆயுளுக்கு அறிகுறியாக இருப்பது வேறு. குறிப்பிட்ட ஒரு மருந்து பயன் தரும் என்பதற்கு அறிகுறியாக இருப்பது வேறு. முதலாவது செய்தி நோயாளிக்கு ஆறுதலோ கலக்கமோ தரும்; இரண்டாவது செய்தியே அவருக்கு என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லும். ஒரே குறி 2006-இல் முதலாவதாக மட்டும் விளங்கி, ஏழாண்டுகள் கழிந்து இரண்டாவதாகவும் விளங்கியது. மெதுவாக வளரும் நோயைப் பற்றி அவசரமாகத் தீர்ப்புச் சொன்னால் பிழை நேரும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. மேலும், 1994-இல் ஒரு நோயாளியின் கட்டியைத் துண்டு செய்து மெழுகில் பதித்துப் பெட்டியில் அடுக்கி வைத்த ஊழியருக்கு, பிற்காலத்தில் அதில் எதைத் தேடப்போகிறார்கள் என்பது தெரியாது. அவர் வைத்திருந்த காரணத்தாலேயே தேட முடிந்தது.

இனி, இத்துறையில் யாவரும் எதிர்பாராத வகையில் கிடைத்த குறியைப் பற்றிச் சொல்கிறேன். 2008-ஆம் ஆண்டில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், மூளைக்கட்டிகளில் மிகக் கொடியதாகிய கிளையோபிளாஸ்டோமாவில் இருபத்திரண்டு கட்டிகளை எடுத்து, இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட மரபணுக்களை ஒவ்வொன்றாகப் படித்தார்கள். புற்றுநோயோடு சம்பந்தம் உண்டென்று எவரும் நினைத்திராத ஐ.டி.எச். 1 என்னும் மரபணுவில், ஒரே இடத்தில், ஒரே வகையான மாற்றம் திரும்பத் திரும்பக் காணப்பட்டது. ஜீவாணுவுக்குள் அன்றாடம் நடக்கும் ரசாயன மாற்றங்களில் வேலை செய்யும் ஒரு நொதியைத் தரும் மரபணு அது. அந்நொதியின் 132-ஆம் இடத்தில் ஆர்ஜினின் என்னும் அமினோ அமிலம் இருக்க வேண்டியவிடத்து வேறொன்று, பெரும்பாலும் ஹிஸ்டிடின், உட்கார்ந்திருந்தது. இந்த மாற்றம் உடையவர்கள் பெரும்பாலும் இளவயதினர். அடுத்த ஆண்டு டியூக் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஹாய் யான் முதலியோர் வெளியிட்ட ஆய்வில், கிளையோபிளாஸ்டோமா நோயாளிகளுள் இம்மாற்றம் உடையவர்களுக்கு நடுமட்ட ஆயுட்காலம் 31 மாதம், இல்லாதவர்களுக்கு 15 மாதம். அதற்கு ஒரு படி குறைந்த தீவிரமுள்ள ஆஸ்ட்ரோசைட்டோமாவில் உடையவர்களுக்கு 65 மாதம், இல்லாதவர்களுக்கு 20 மாதம் என்று கணக்கிடப்பட்டது. ஸ்லைடில் ஒன்றாகத் தோன்றும் நோய்களுக்குள் இத்தனை தூரம்!

இம்மாற்றம் ஜீவாணுவுக்குள் செய்யும் காரியமும் விசித்திரமானது. நொதி தன் பழைய வேலையை இழப்பதோடு நில்லாமல், புதிதாக ஒரு வேலையைக் கற்றுக்கொண்டு, இரண்டு-ஹைட்ராக்ஸி குளூட்டரேட் என்னும் பொருளை ஏராளமாக உற்பத்தி செய்கிறது. அப்பொருள், டி.என்.ஏ.யின் மீது படியும் மீதைல் அடையாளங்களைத் துடைக்கும் நொதிகளைத் தடுத்துவிடுகிறது. துடைப்பாரின்றி அடையாளங்கள் எங்கும் படிந்து, பல மரபணுக்கள் வாயடைத்துப்போகின்றன; ஜீவாணு தன் முதிர்ச்சியை அடைய முடியாமல் இடைநிலையிலேயே நின்று பெருகுகிறது. கட்டி தோன்றுவதற்கே இம்மாற்றம் காரணமாக இருந்தும், இம்மாற்றம் உடைய கட்டி மெதுவாக வளர்வதாயும் சிகிச்சைக்கு ஓரளவு பணிவதாயும் இருப்பது கவனிக்கத்தக்கது.

இக்குறியை அறிய ஆடம்பரமான யந்திரம் வேண்டியதில்லை என்பதே நம் போன்றவர்களுக்கு முக்கியமான செய்தி. ஹைடல்பர்க் நகரத்தில் ஆந்திரேயாஸ் ஃபான் டைம்லிங் என்பவரின் ஆய்வுக்கூடத்தார், மாறுபட்ட அந்த நொதியை மட்டும் பற்றிக்கொள்ளும் ஒரு எதிர்ப்பொருளை 2009-இல் உண்டாக்கினார்கள். மெழுகில் பதித்த கட்டியிலிருந்து மூன்று நான்கு மைக்ரான் கனத்தில் ஒரு சீவலை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டி, அந்த எதிர்ப்பொருளை ஊற்றிச் சாயமேற்றினால், மாற்றம் உடைய ஜீவாணுக்கள் பழுப்பு நிறம் அடைகின்றன. ரத்தக் குழாய்களின் சுவர்களும் நோயற்ற நரம்பணுக்களும் வெளிர்நீலமாகவே நிற்கின்றன. கட்டியின் நடுப்பகுதியில் பழுப்பு அடர்ந்திருக்கும். ஓரத்துக்கு வர வர அது கலைந்து, கடைசியில் ஆரோக்கியமான மூளைத்திசு என்று எவரும் சொல்லக்கூடிய நீலப் பரப்பின் நடுவே ஒன்றும் இரண்டுமாகப் பழுப்பு அணுக்கள் தனித்து நிற்பதைக் காணலாம். ரணசிகிச்சை நிபுணர் எவ்வளவு கைத்திறத்தோடு கட்டியை எடுத்தாலும் நோய் ஏன் திரும்புகிறது என்பதற்குப் பிரத்தியட்ச விளக்கம் அந்த ஓரத்தில் இருக்கிறது. ஏ.டி.ஆர்.எக்ஸ். என்னும் மற்றொரு புரதத்துக்கும் இதே போலச் சாயமேற்றிப் பார்க்கலாம். கட்டியணுக்களின் கருவில் அது காணாமற்போயிருந்தால், ஐ.டி.எச். மாற்றமுள்ள கட்டி ஆஸ்ட்ரோசைட்டோமா என்று நிச்சயிக்கலாம். செலவு மிகுந்த குரோமோசோம் பரிசோதனை அப்போது அவசியமில்லை.

இவ்வாறு சேர்ந்த அறிவின் பயனாக, 2016-இல் உலக சுகாதார ஸ்தாபனம் தன் பாகுபாட்டில் மூலக்கூற்றுக் குறிகளை முதன்முதலாக நோயின் பெயரிலேயே சேர்த்தது. 2021-இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பு இன்னும் துணிந்து சென்றது. இப்போது ஐ.டி.எச். மாற்றம் உள்ள கட்டி, எவ்வளவு தீவிரமானதாயினும், கிளையோபிளாஸ்டோமா என்று அழைக்கப்படுவதில்லை. நான்காம் தரத்து ஆஸ்ட்ரோசைட்டோமா என்றே அதற்குப் பெயர். மறுபுறம், மைக்ராஸ்கோப்பில் சாதுவாகத் தோன்றும் ஒரு கட்டி, ஐ.டி.எச். மாற்றம் இல்லாததாய், டெர்ட் என்னும் மரபணுவின் முகப்பில் மாற்றமோ, ஈ.ஜி.எஃப்.ஆர். மரபணுவின் பெருக்கமோ, ஏழாம் குரோமோசோம் முழுதும் மிகுந்து பத்தாம் குரோமோசோம் முழுதும் குறைந்த நிலையோ உடையதாயிருந்தால், வயது வந்த நோயாளியிடத்தில் அது கிளையோபிளாஸ்டோமாவே. இரண்டாம் தரந்தான், கவலை வேண்டாம் என்று பழைய முறையில் சொல்லியனுப்பப்பட்டவர்கள் சில மாதங்களில் படுத்த படுக்கையாய்த் திரும்பிவந்த துயரத்தின் காரணம் இங்கே விளங்குகிறது. சாதுவான முகத்தை நம்பிச் சிகிச்சையைத் தாமதிப்பது எவ்வளவு பெரிய தீங்கோ, பயங்கரமான முகத்தைக் கண்டு நம்பிக்கையைக் கைவிடுவதும் அவ்வளவு தீங்கு என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

கிளையோபிளாஸ்டோமாவுக்கு வருவோம். பர்மிங்காம் நகரத்து ஆஸ்டன் சர்வகலாசாலையில் மால்கம் ஸ்டீவன்ஸ் முதலியோர் உருவாக்கிய டெமோசோலோமைட் என்னும் மாத்திரையைக் கதிர்வீச்சோடு சேர்த்துக் கொடுத்து 573 நோயாளிகளிடத்தில் நடத்திய பரிசோதனையை ரோஜர் ஸ்டுப் என்பவர் 2005-இல் வெளியிட்டார். கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களின் நடுமட்ட ஆயுட்காலம் 12.1 மாதம், மாத்திரையும் பெற்றவர்களுக்கு 14.6 மாதம். இரண்டரை மாத லாபம் சொற்பமே. ஆனால் அந்தச் சொற்பம் எல்லோருக்கும் சமமாகப் பங்கிடப்படவில்லை என்பதை லோசான் நகரத்து மோனிகா ஹெகி அதே இதழில் எடுத்துக் காட்டினார்.

டெமோசோலோமைட் கட்டியணுவின் டி.என்.ஏ.யில் குவானின் என்னும் பகுதியின் மீது ஒரு மீதைல் துணுக்கை ஒட்டி அதைக் கெடுக்கிறது. அணுவிலுள்ள எம்.ஜி.எம்.டி. என்னும் புரதம் அத்துணுக்கைப் பிய்த்தெடுத்துத் தன் மேலேயே ஏற்றுக்கொண்டு, டி.என்.ஏ.யைச் செப்பனிட்டுவிட்டுத் தான் அழிகிறது. ஒரு மூலக்கூறு ஒரு முறையே வேலை செய்யும். சில கட்டிகளில் இப்புரதத்துக்குரிய மரபணுவின் முகப்பில் மீதைல் அடையாளங்கள் படிந்து அம்மரபணு ஓய்ந்திருக்கும். அங்கே செப்பனிடுவார் இல்லை; மருந்து தன் காரியத்தைச் செய்து முடிக்கிறது. ஹெகி பரிசோதிக்க முடிந்த 206 கட்டிகளில் ஏறத்தாழ 45 சதவிகிதம் இவ்வாறு முகப்பு அடைபட்டவை. அத்தகைய கட்டியை உடையவர்களுள் மாத்திரை பெற்றோருக்கு நடுமட்ட ஆயுட்காலம் 21.7 மாதம், பெறாதோருக்கு 15.3 மாதம். அடைபடாதவர்களுக்கு முறையே 12.7 மாதம், 11.8 மாதம்.

அப்படியானால் முகப்பு அடைபடாதவருக்கு மாத்திரை வேண்டாமே என்று நீங்கள் கேட்கலாம். தர்க்கம் அப்படித்தான் சொல்கிறது. வைத்தியர்கள் பெரும்பாலும் கொடுக்கத்தான் செய்கிறார்கள். அதனினும் சிறந்த மருந்து அவர்களுக்கு இல்லாமையும், கிடைக்கக்கூடிய சிறு பயனையும் மறுக்க மனம் ஒவ்வாமையும் இதற்குக் காரணங்கள். அத்துடன், அடைபட்டது, அடைபடாதது என்று கோடு கிழிப்பதும் சுலபமன்று. ஆய்வுக்கூடத்துக்கு ஆய்வுக்கூடம் முறை வேறுபடுகிறது, நடுவில் நிற்கும் கட்டிகளும் உண்டு. ஆயினும் முதியவர்களிடத்தில் இக்குறி உண்மையாகவே வழி காட்டுகிறது. ஜெர்மனியிலும் நார்டிக் நாடுகளிலும் முதியவர்களை வைத்து நடத்தி 2012-இல் வெளியிட்ட பரிசோதனைகளால், முழுச் சிகிச்சையையும் தாங்க முடியாத ஒரு முதியவருக்கு முகப்பு அடைபட்டிருந்தால், தினந்தோறும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டுபோய்க் கதிர்வீச்சுக் கொடுக்காமல், வீட்டிலேயே மாத்திரை கொடுப்பதும் தகுந்த சிகிச்சையே என்பது நிலைபெற்றது. எண்பது வயதுத் தகப்பனாரை நாள்தோறும் வண்டியேற்றி அழைத்துப்போகும் குடும்பத்துக்கு இது சிறிய விஷயம் அன்று.

குழந்தைகளின் மூளைக்கட்டிகள் தனியொரு சொற்பொழிவுக்கு உரியவை. ஒன்றிரண்டு மட்டும் சொல்கிறேன். மெடுலோபிளாஸ்டோமா என்னும் கட்டி ஒரே நோயன்று, நான்கு நோய்கள் என்பது 2012-இல் அறிஞர்களின் பொதுமுடிவாக வெளியாயிற்று, அவற்றுள் டபிள்யூ.என்.டி. என்னும் வகையைச் சேர்ந்த குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பிழைக்கிறார்கள். வளரும் மூளைக்குக் கதிர்வீச்சு விளைவிக்கும் சேதத்தைக் குறைப்பதற்காக, அவர்களுக்குச் சிகிச்சையைத் தணித்துக் கொடுக்கலாமா என்று இப்போது ஆராய்கிறார்கள். அதே 2012-இல், மூளைத் தண்டில் வளரும் கட்டிகளில் ஹிஸ்டோன் என்னும் புரதத்தின் 27-ஆம் இடத்தில் நேரும் மாற்றம் கண்டறியப்பட்டது. அம்மாற்றம் கொணரும் செய்தி துயரமானது. பெரும்பாலான குழந்தைகள் ஓராண்டுக்கு மேல் வாழ்வதில்லை. ஆயினும் நோயின் காரணம் இன்னதென்று தெரியாதிருந்த காலத்தைவிட, தெரிந்த காலத்திலேயே மருந்து தேடுவோருக்குப் பிடிமானம் உண்டு.

அப்பிடிமானம் பயனளித்ததற்கு ஐ.டி.எச்.சே உதாரணம். மாறுபட்ட அந்த நொதியையே தடுக்கும் வோராசிடெனிப் என்னும் மாத்திரையை, ரணசிகிச்சை மட்டும் செய்துகொண்ட இரண்டாம் தரத்து நோயாளிகள் 331 பேரிடத்தில் சோதித்து 2023-இல் வெளியிட்டார்கள். நோய் முன்னேறாதிருந்த காலத்தின் நடுமட்டம், மருந்தில்லாத வெறும் மாத்திரை பெற்றவர்களுக்கு 11.1 மாதமாகவும், மருந்து பெற்றவர்களுக்கு 27.7 மாதமாகவும் இருந்தது. 2024 ஆகஸ்டில் அமெரிக்க அரசாங்கம் இதை அங்கீகரித்தது. நோய் வளர்வது தாமதப்படுகிறது என்பதே இப்போது நிரூபணமானது. ஆயுள் நீளுமா என்பதை, முன்னே சொன்ன வட அமெரிக்கப் பரிசோதனையைப் போலவே, பொறுத்திருந்தே அறிய வேண்டும்.

நடுமட்டம் என்ற சொல்லை நான் பல தடவை சொன்னேன். அதன் பொருளைக் கொஞ்சம் நின்று விளங்கிக்கொள்ள வேண்டும். ஏனெனில் குடும்பங்களில் மிகுந்த மனக்கலக்கத்தை உண்டாக்குவது அந்த எண்ணே. நடுமட்ட ஆயுட்காலம் 14.6 மாதம் என்றால், அத்தனை மாதத்தில் எல்லாரும் இறந்துவிடுவார்கள் என்பது பொருளன்று. நோயாளிகளில் பாதிப்பேர் அதற்கு முன்பும், பாதிப்பேர் அதற்குப் பின்பும் என்பதே பொருள். ஸ்டுப் அவர்களின் அதே பரிசோதனையில் மாத்திரை பெற்றவர்களில் 9.8 சதவிகிதத்தினர், அதாவது பத்தில் ஒருவர், ஐந்தாம் ஆண்டின் முடிவிலும் உயிரோடு இருந்தார்கள். மாத்திரை பெறாதவர்களில் அவ்வாறு இருந்தவர்கள் 1.9 சதவிகிதத்தினரே. தவிரவும், மூலக்கூற்றுக் குறிகளோடு நோயாளியின் வயது, தம் காரியங்களைத் தாமே செய்துகொள்ளும் வலிமை, கட்டி அமைந்த இடம், ரணசிகிச்சையில் எவ்வளவு எடுக்க முடிந்தது என்பன சேர்ந்தே விளைவை நிர்ணயிக்கின்றன. கட்டியில் ஒரு மூலையிலிருந்து எடுத்த துண்டு முழுக் கட்டிக்கும் பிரதிநிதியாகாமலும் போகலாம். ஆதலின் ‘இன்னும் எத்தனை மாசம், டாக்டர்?’ என்று கேட்கும் மனைவிக்கு, ஒரே எண்ணைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுப்பது உண்மை பேசுவதாகாது. இந்த வகை நோயுடையவர்களில் இத்தனை பேர் இவ்வளவு காலம் வாழ்ந்திருக்கிறார்கள், இந்த மருந்து இவருக்குப் பயன்படும் என்று எண்ண இன்ன காரணம் இருக்கிறது என்று உட்கார்ந்து விளக்கிச் சொல்வதற்கு எடுக்கும் கால் மணி நேரத்தை எந்த வைத்தியரும் வீண் என்று கருதலாகாது.

இவ்வளவு பரிசோதனைகளுக்கும் பணத்துக்கு எங்கே போவது என்ற கேள்வி நியாயமானது. ஹைடல்பர்க்கிலிருந்து 2018-இல் வெளியான முறையில், கட்டியின் டி.என்.ஏ. முழுவதிலும் படிந்த மீதைல் அடையாளங்களைப் படித்து, எண்பத்திரண்டு வகைகளுள் எதைச் சேர்ந்தது என்று கணக்கியந்திரமே சொல்லிவிடுகிறது. ஆயிரத்துச் சொச்சம் கட்டிகளில் அவர்கள் சோதித்தபோது, பன்னிரண்டு சதவிகிதத்தில் நோயின் பெயரே மாறிற்று. மிக அருமையான சாதனம். எல்லா ஊர்களிலும் இன்று கிடைப்பதில்லை. ஆனால் முன்னே சொன்ன இரண்டு சாயப் பரிசோதனைகளைக் கொண்டே பெரும்பாலான கட்டிகளுக்குச் சரியான பெயரிட முடியும். ஐம்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவருக்கு, முன்பு சிறு தரத்துக் கட்டி எதுவும் இல்லாமல், நடுக்கோட்டில் அல்லாத இடத்தில், உருவத்தால் கிளையோபிளாஸ்டோமாவாகத் தோன்றும் கட்டியில் ஐ.டி.எச். சாயம் ஏறாவிட்டால், மேற்கொண்டு மரபணுவைப் படிக்கும் செலவு அவசியமில்லை என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் பாகுபாடே இடம் கொடுக்கிறது. இளவயதினரிடத்தில் மட்டும் அந்தச் செலவைச் சுருக்கலாகாது. ஏனெனில் சாயத்துக்கு அகப்படாத அபூர்வ மாற்றங்கள் அவர்களிடத்தில்தான் அதிகம், அவர்கள் இழக்கக்கூடிய ஆண்டுகளும் அதிகம்.

உங்களில் எவருக்கும், உங்கள் உறவினர் எவருக்கும் இந்த நோய் வரவேண்டாம். வந்துவிட்டால், கதிர்வீச்சும் மருந்தும் தொடங்குவதற்கு முன்னால், ஐ.டி.எச். பரிசோதனை செய்யப்பட்டதா, அதன் முடிவு என்ன, மேற்கொண்டு குரோமோசோம் பரிசோதனையோ எம்.ஜி.எம்.டி. பரிசோதனையோ தேவையா என்று வைத்தியரை மரியாதையோடும் தயக்கமின்றியும் கேளுங்கள். அறுத்தெடுத்த கட்டியை மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள். ஆஸ்பத்திரியில் அதைப் ‘பிளாக்’ என்பார்கள். அது வெயிலிலும் உஷ்ணத்திலும் உருகிவிடும். வேறு ஊருக்கு, வேறு ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால், ஸ்கேன் படங்களோடும் ரிப்போர்ட்டோடும் அந்தப் பிளாக்கையும் கேட்டு வாங்கி, குளிர்ச்சியான இடத்தில் பத்திரமாக வைத்துக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.